மருத்துவச்சியம்மா தேடிய ராஜாவின் முகம்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் ஒரு கையால் பிள்ளை பிடித்துக்கொண்டே மறு கையால் இளவரசியைக் குதிரையில் ஏற்றி அனுப்பிய ஒரே பெண்பிள்ளை எங்கள் தோட்டத்து மருத்துவச்சியம்மாதான். பள்ளத்தாக்கு என்ன, இந்த இலங்கைத் தீவிலேயே இன்னொருவர் இருந்தால் சொல்லுங்கள், நான் தோற்றதாக ஒத்துக்கொள்கிறேன். நான் தோற்று இதுவரை யாரும் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவன். தோட்டத்து லொறி துடைக்கும் கிளீனராக ஆரம்பித்தவன். இன்றைக்கு அட்டன் பாதையில் நெற்றியில் ‘செல்லம்மா’ என்று எழுதிய லொறி ஒன்று உங்களுக்கு வழிவிடாமல் முன்னால் போனால், அது என்னுடையது. எல்லாம் நானே உண்டாக்கியது. யாருடைய தயவும் இல்லை. மருத்துவச்சியம்மா தயவு மட்டும் உண்டு.

நாடு சுதந்திரம் அடைந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம். அம்மாவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணம் கிடையாது. வெள்ளைச் சேலை, அதன் மேல் ஆம்பிளைக் கம்பளிச் சட்டை, காலில் ரப்பர் சப்பாத்து. பகலில், மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளை எடை நிறுத்துப் பார்ப்பார். மிச்ச நேரமெல்லாம் சரித்திரக் காதல் கதை எழுதுவார். அவருடைய தொடர்கதை கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றில் வந்துகொண்டிருந்தது. இளமாறன் என்ற குதிரைக்காரன், முல்லைக்கொடி என்ற இளவரசியைக் காதலிக்கிற கதை. ஞாயிற்றுக்கிழமை ஆனால், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு லயம் ஒருத்தர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் தேத்தண்ணீர் ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்பார்கள்.

ஆனால் அடுத்த வாரம் என்ன வரும் என்பது பிள்ளை பெறுகிறவளுக்குத்தான் முதலில் தெரியும். வலி வந்தவுடன் அம்மா கதையை ஆரம்பிப்பார். வெளியே காத்திருந்த எங்களுக்கும் கேட்கும்.

“இளமாறன் கயித்தப் புடிச்சு மதில் மேல ஏறுறான். மேல காவக்காரன் நிக்கிறான்…”

“ஐயோ, அப்புறம்?”

“முக்கு! முக்கினாத்தான் சொல்லுவேன்.”

“சொல்லுங்கம்மா, உசுரு போவுது!”

“அவனுக்கும்தான் உசுரு போவுது. நீ முக்குனா பொழைப்பான்!”

முக்குவார்கள். பிள்ளையும் பிறக்கும், இளமாறனும் பிழைப்பான். பிறந்ததற்கு அம்மாதான் கதையிலிருந்து பெயர் வைப்பார். பிற்காலத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் எங்கள் பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிட்டால் அது அரண்மனையா தேயிலைத் தோட்டமா என்று சந்தேகம் வரும். ஒரே லயத்தில் நாலு இளவரசர்கள் ஒரே பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கச் சண்டை பிடித்ததை நானே விலக்கிவிட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கண்ணால் பார்க்காததை எழுதமாட்டார். “சரித்திரம்னா சும்மாவா? தப்பா எழுதுனா செத்துப்போன ராசா வந்து கேப்பான்” என்பார். மதில் ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று இஸ்டோரு என்கிற தேயிலைத் தொழிற்சாலைச் சுவரில் என்னை ஏற்றினார். தேயிலை காயப்போடும் மேல்மாடி வரை ஏறியவன் தோட்டத்தில் நான் ஒருத்தன்தான். கீழே நின்று, “காதலோட ஏறுடா! பலா மரத்துல ஏறுற மாதிரி ஏறாத!” என்று கத்தினார். காதலோடு ஏறினேன். வேட்டி கிழிந்தது.

ஒரு முறை யுத்தக் குதிரை பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். நுவரெலியாவுக்குப் போன தோட்டத்து லொறியில் அவரையும் ஏற்றிக்கொண்டு பந்தயத் திடலுக்குப் போனோம். குதிரைகளைப் பராமரிக்கிறவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அம்மா, இது பந்தயத்துல ஓடுற குதிரைங்க. யுத்தத்துக்கெல்லாம் போவாது.”

“அது குதிரைக்குத் தெரியுமா? நீ தள்ளு.”

வயிற்றுப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற மரக்குழலைப் பையிலிருந்து எடுத்தார். குதிரையின் விலாவில் வைத்துக் காதைக் கொடுத்தார். வெள்ளைக்காரத் துரைமார் ரெண்டு பேர் நடக்க மறந்து நின்றார்கள். குதிரையும் அசையாமல் நின்றது. தனக்குப் பிள்ளை என்று நினைத்துவிட்டதோ என்னவோ.

“நல்லா அடிக்குதுடா! முரசு மாதிரி அடிக்குது!” என்று அம்மா துள்ளினார். அந்த வார அத்தியாயத்தில் குதிரையின் நெஞ்சு அடித்த அடியில் எங்கள் லயத்தில் யாருமே சரியாகத் தூங்கவில்லை.

திரும்பி வரும்போது தலவாக்கலையில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“குதிரை கூட சிரிச்சிச்சு. நீ ஏன்டா இப்படி இருக்க?”

சொல்லிவிட்டேன். எங்கள் கங்காணியின் மகள் புஷ்பத்தை எனக்குப் பிடித்திருந்தது. கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, வெள்ளிச் சங்கிலி போட்ட கடிகாரம், இப்படித்தான் கங்காணி மலையேறுவார். என்னைப் பெற்ற தாய் ஜாடையாகப் பெண் கேட்டதற்கு, “லொறி தொடைக்கிறவனுக்குக் குடுக்கவா நான் புள்ள வளத்தேன்?” என்று சொல்லிவிட்டார். நோர்வூட்டில் கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் பேசி, வருகிற மாதம் வெற்றிலை மாற்றி நிச்சயம் செய்வது என்றும் முடிவாகியிருந்தது.

“புஷ்பம் என்ன சொல்லுது?”

“நானில்லன்னா வேற யாரும் வேணாங்குதுங்கம்மா. ஆனா அப்பாவ மீறி வரமாட்டேங்குது.”

“ம்” என்றார்.  பென்சிலைக் கடித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் கங்காணி வீட்டுக்குப் போனார். கங்காணிக்கு வாசிக்கத் தெரியாது. ஞாயிறுதோறும் புஷ்பம் வாசிக்க, கண்ணை மூடிக் கேட்பார். முல்லைக்கொடி அழுதால் அவரும் அழுவார்.

“கங்காணியாரே, இளமாறன் முல்லைக்கொடியத் தூக்கிக்கிட்டு ஆத்தத் தாண்டணும். பாக்காம எப்படி எழுதுறது? ஒங்க மவளத் தவிர இந்த மலையில இளவரசி மாதிரி யாரு இருக்கா?”

கங்காணிக்குத் தலைப்பாகை ஒரு சாண் உயர்ந்தது.

“என் மவ முல்லைக்கொடியா! சரிங்க, தூக்குறது யாரு?”

“தேயிலைப் பெட்டிய ஒத்தைத் தோள்ல தூக்குறவன் ஒருத்தன்தானே இருக்கான்.”

உண்மைதான். அப்படித் தூக்க அன்றைக்கு வேறு ஆள் கிடையாது. கங்காணி முகம் சுளித்தார். ஆனால் கதை நின்றுவிடுமே! நானும் வருவேன் என்று குடையோடு வந்தார்.

கீழ்மலை ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். நான் புஷ்பத்தைத் தூக்கினேன். கங்காணி கரையிலிருந்து, “டேய்! கொழுந்துக்கூட மாதிரி தூக்காதடா! இளவரசிடா அது!” என்று அதட்டினார். அக்கரைக்குப் போனோம்.

“வெக்கப்படுறத நான் சரியாப் பாக்கல. திரும்ப வா” என்றார் அம்மா.

திரும்ப வந்தோம். கங்காணிக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது.

“ஏம்மா, ராசா இதையெல்லாம் பாத்துக்கிட்டா நிப்பாரு?”

“நல்லாக் கேட்டீங்க! பாக்கமாட்டாரு. நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

கங்காணி குடையோடு திரும்பி நின்றார். நாங்கள் ஓடையைக் கடந்துகொண்டே இருந்தோம். அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் அவ்வளவு சந்தோஷமாக நின்றவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான்.

ஆனால் வெற்றிலை மாற்றும் நாள் நெருங்கிவிட்டது. “ஓடையத் தாண்டி என்னம்மா பண்ண, கடைக்காரர் வர்றாரே” என்று அம்மாவிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அவர் நேரே கங்காணியிடம் போனார்.

“ராசா சம்மதம் குடுக்கிற எடம் எழுதணும். ராசா மொகம் எப்படிப் போவும்னு எனக்குத் தெரியல. நீங்கதான் காட்டணும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் தோட்டமே கூடிவிட்டது. கங்காணி கோட்டை நீவிவிட்டு, கோயில் பட்டுத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு ராஜாவாக நின்றார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ, மஞ்சள், எல்லாம் நிஜம். கதைக்குப் பொய்த் தட்டு ஆகாது என்று அம்மா சொல்லிவிட்டார். அதை ஏந்தி நின்றது என்னைப் பெற்ற தாய். கங்காணி கம்பீரமாகக் கையை நீட்டித் தட்டை வாங்கினார்.

“தந்தேன்! என் மகளை இந்த வீரனுக்குத் தந்தேன்!”

என்ன குரல்! எதிர்மலை வரை கேட்டிருக்கும். தட்டு கை மாறினதைப் பார்த்த பூசாரி பழக்கதோஷத்தில் மணியை அடித்துவிட்டார். மணி அடித்ததும் பெண்கள் எல்லாரும் குலவை போட்டுவிட்டார்கள்.

குலவை ஓய்ந்தது. கங்காணி தட்டைப் பார்த்தார். சன்னதியைப் பார்த்தார். மாரியம்மன் முன்னால் ஊர் பார்க்கத் தட்டு வாங்கினால் அது பெண் கொடுத்ததுதான். எங்கள் மலையில் இது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். 

கங்காணி மெதுவாக மகளிடம் திரும்பினார்.

“ஏ புள்ள, இது கதையா, நெசமா?”

புஷ்பம் தலை குனியவில்லை.

“தட்டக் கீழ வச்சிட்டீங்கன்னா கதைங்கப்பா. வைக்கலன்னா நெசம்.”

எனக்காக அவ்வளவு பேர் முன்னால் வாய் திறந்தவள் அவள். கங்காணி தட்டைப் பிடித்தபடியே நின்றார்.  கீழே வைப்பதுபோல் ஒருதரம் குனிந்தார். என் உயிர் அங்கேயே போய்விட்டது. குனிந்தவர், தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, பாக்கை வைத்து மடித்து, வாயில் போட்டு மென்றார்.

“லொறி ஓட்டப் பழகிக்கடா. தொடைக்கிறவனுக்கு நான் குடுக்கல” என்றார் மென்றுகொண்டே.

அப்புறம் போட்டார்கள் பாருங்கள், அதுதான் குலவை! மருத்துவச்சியம்மா மட்டும் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல், வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கங்காணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச வாரம் கழித்து அந்த அத்தியாயம் வந்தது. புஷ்பம் வாசிக்க, கங்காணி கண்ணை மூடிக் கேட்டார். கதையில் ராஜா முடியாது என்று சொல்லிவிட்டார்! இளமாறன் யுத்தத்துக்குப் போய்விட்டான். கங்காணி கொதித்துப்போய் பிள்ளைக்காம்பராவுக்கே ஓடினார்.

“நான் அம்புட்டு நல்லா சம்மதம் குடுத்தேனே, அது எங்கம்மா?”

“நல்லாத்தான் குடுத்தீங்க. அதை எழுதுனா கதை அதோட முடிஞ்சிருமே, கங்காணியாரே.”

ஓடை தாண்டிய காட்சியும் வரவில்லை. அதற்குப் பின்னால் அவர் எழுதிய கதை ஒவ்வொன்றையும் புஷ்பத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தட்டும் இல்லை, ஓடையும் இல்லை, திரும்பி நின்ற ராஜாவும் இல்லை. கண்ணால் பார்த்ததை விடாத மனுஷி, அதை மட்டும் தொடவேயில்லை.

எங்கள் மூத்த பெண் பிறந்தபோதும் அவர்தான் பிள்ளை பிடித்தார். என்ன இளவரசி பெயர் வைப்பது என்று யோசித்தவரிடம் புஷ்பம், “ஒங்க பேரு என்னங்கம்மா?” என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. அம்மா பிள்ளையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைத்தோம்.

என் லொறிகளின் நெற்றியில் இருக்கும் ‘செல்லம்மா’ மகளின் பெயர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு காலையும் வண்டியை எடுக்குமுன், அந்த எழுத்தை மட்டும் நானே துடைக்கிறேன்.