சத்தம் வந்து சேரும் வரை

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற பக்கத்தில், பள்ளிக்கூடப் படிப்போடு நின்றுவிட்ட நான் இடம் பிடிப்பதற்கு மன்னிக்க வேண்டும். 'ஒன்னுரெண்டு' அண்ணனைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால்தான் துணிந்தேன். நெய்வேலியில் எல்லோரும் பூமியைத் தோண்டினார்கள். காற்றைத் தோண்டிப் பார்த்த ஒரே மனிதர் அவர்.

அறுபதுகளில் நாங்கள் இருவரும் சுரங்கத்துப் பம்பு ஹவுஸில் கான்ட்ராக்ட் ஹெல்பர்கள். நிலத்தடி நீரை ஓயாமல் இறைக்கும் அந்த இரைச்சலில் கத்தினால்தான் பேச்சு. பழக்கம் விடாமல் டீக்கடையிலும் கத்துவோம்.

சத்தம் ஒரு நொடிக்கு ஆயிரத்து நூறு அடி போகும் என்று ஏதோ ஒரு பாடப் புத்தகத்தில் அண்ணன் படித்துவிட்டார். அவருக்கு அது ஒப்பவில்லை.

"புஸ்தகத்துல இருக்குறது வேற காத்துய்யா. இது கரித்தூள் காத்து. சுமை தூக்கிக்கினு வருது, மெதுவாத்தான் வரும்."

அன்றிலிருந்து மின்னல் வெட்டினால் "ஒன்னு, ரெண்டு" என்று தொடங்கிவிடுவார். தூரத்து மைதானத்தில் ஒருவன் இன்னொருவனை அறைந்தபோது, விலக்கிவிட எல்லோரும் ஓடினோம். அண்ணன் மட்டும் நின்றார். "இருங்கய்யா! அடி தெரிஞ்சிது, சத்தம் இன்னும் வரல!"

தூரம் அளக்க சைக்கிள் சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டி, அது சுற்றுவதை எண்ணிக்கொண்டே போய்க் கம்பெனி பஸ்ஸுக்குக் குறுக்கே விழுந்தார். டிரைவர் திட்டியதில் கணக்கு மறந்துவிட்டது. மறுபடி புறப்பட்ட இடத்துக்கே போனார்.

கையில் கடிகாரம் கிடையாது. தன் நாடியைப் பிடித்துத்தான் எண்ணுவார். ஒருநாள் மூச்சிரைக்க சைக்கிள் மிதித்து வந்து எண்ணியதில், சத்தம் மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்கிவிட்டது.

"பாத்தியா, கரித்தூளு!"

"உங்க நெஞ்சுதாண்ணே ஓடுது. சத்தம் எப்பவும்போலத்தான் வருது."

அன்று எனக்கு டீ இல்லை.

மற்ற நேரங்களில் கொட்டகை மூலையில் வாடிப்போய் உட்கார்ந்திருப்பார். பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். குறிஞ்சிப்பாடியில் பிறந்த வீட்டில் ஏச்சு கேட்டுக்கொண்டிருந்த மனைவியையும் மகளையும் அழைத்து வரலாம். அதற்கு டாக்டர் பார்க்கும் மெடிக்கல் டெஸ்ட்டில் தேற வேண்டும். எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் அழைப்பு வந்தது.

அதற்கு முந்தின நாள் மாலை என்னை மண்மேட்டுக்கு இழுத்துப் போனார். சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் நேரம். தூரத்தில் புழுதி எழும். ஐந்தாறு எண்ணுவதற்குள் 'டம்' என்று வந்து சேரும்.

புழுதி எழுந்தது. "ஒன்னு, ரெண்டு, மூணு..."

வந்தது. எனக்கு வந்தது. அண்ணன் எண்ணிக்கொண்டே போனார். "எட்டு, ஒம்போது..." கரித்தூள் ஜெயித்துவிட்டது என்று முகம் மலர்ந்துகொண்டே போனது. பதினைந்தைத் தாண்டியதும் அந்த மலர்ச்சி நின்றுவிட்டது. மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"யோவ், வந்துடுச்சா?"

அவர் காதருகே குனிந்து, பம்பு ஹவுஸில் கத்துவதுபோலவே கத்தினேன். "இன்னும் வரலண்ணே. எண்ணுங்க."

எண்ணினார். புழுதி அடங்கும்வரை நானும் கூடவே எண்ணினேன்.

மறுநாள் மெடிக்கலில், டாக்டர் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னதை அண்ணனால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. நான் தேறிவிட்டேன்.