மோதிரம் பார்த்த காளை

ரோசி பிழைத்திருந்தால் நானும் இந்த வரிசையில் வாய்பொத்தி நின்றிருப்பேனோ? நோரீனுக்குத் தன்மேலேயே சந்தேகமாக இருந்தது.

ராஸ்காமன் பக்கத்துச் சந்தையில் அன்று பொலிகாளை ஏலம். கூட்டமோ காளைகளைச் சுற்றி இல்லை. தேநீர்க் கடையோரம் மலாக்கியைச் சுற்றி நின்றது. நூலில் கட்டிய செப்பு மோதிரம் ஒன்றுதான் அந்த மகானின் மூலதனம். காளையின் வால்முடியை உறையில் போட்டுக் கொடுத்தால் அதன்மேல் மோதிரத்தைத் தொங்கவிடுவார். சுற்றினால் வாங்கலாம். முன்னும் பின்னும் ஆடினால் கூடாது. உறைக்கு முப்பது யூரோ. காளையைப் பார்க்கும் தொல்லைகூட அவருக்கு இல்லை.

ஒவ்வொரு பட்டிக் கதவிலும் அந்தக் காளையின் கணக்கு அட்டை தொங்கியது. அதற்குப் பிறந்த கன்றுகளின் எடை, எத்தனை பசுக்கள் சிரமப்பட்டு ஈன்றன, எல்லாம் அதில் இருந்தது. வரிசையில் நின்ற அறிவாளிகள் அதன்மேல் ஈரத் தொப்பியை மாட்டியிருந்தார்கள்.

போன வருடம் மோதிரம் சுற்றிய காளையைத்தான் கணவன் டோனல் வாங்கினான். கன்றுகள் பெரிதாக வந்தன, வெளியே வர முடியாத அளவுக்கு. மூன்று பசுக்களுக்கு மருத்துவர் வயிற்றைக் கிழித்தார். அவற்றில் ரோசி பிறகு எழுந்திருக்கவே இல்லை. இருப்பதே முப்பது பசு. இன்னொரு வருடம் இப்படிப் போனால் பண்ணை மிஞ்சாது. செத்த மாட்டை ஏற்ற லாரி வந்தபோது, ஏனென்று தெரியாமலே, ரோசியின் வால்முடியில் ஒரு கற்றையை நோரீன் வெட்டி வைத்துக்கொண்டாள். இன்றுதான் ஏனென்று தெரிந்தது.

காலையில் டோனலிடம் இரண்டு உறைகளை நீட்டினாள். "பதினாலாம் நம்பர் காளையோட முடி. ரெண்டுலயும் போடு."

"ரெண்டு தடவ பாத்தா இன்னும் நல்லதுதான்" என்று அவனும் பக்தியோடு போட்டான்.

மலாக்கியின் முன் இப்போது நோரீன் வைத்த மூன்று உறைகள். முதலாவதன்மேல் மோதிரம் சுற்றியது. "சுகப்பிரசவம். கன்னு வழுக்கிட்டு வரும்மா."

இரண்டாவதில் ஆடியது. "இது வேண்டாம். கன்னு கதவகலம் இருக்கும்."

மூன்றாவதில் வெறிபிடித்துச் சுழன்றது. "இதுதாம்மா ஆம்பள. ஒரு பருவத்துக்கு அறுபது பசுவ சமாளிக்கும்."

டோனலின் முகம் வெளுத்தது. "மலாக்கி, மொத ரெண்டும் ஒரே காளை. நான்தான் பிடுங்கிப் போட்டேன்."

"அப்ப மூணாவது?" என்றார் வரிசையில் நின்ற கிழவர் பாட்சி.

"ரோசி" என்றாள் நோரீன். "பசு. இவர் சொன்ன காளையோட கன்ன ஈன முடியாம பிப்ரவரில செத்துச்சு."

"ஈரக் காத்தும்மா. மோதிரத்தக் கொழப்பிடுச்சு."

"இந்த ஊர்ல என்னைக்குய்யா காத்து காஞ்சிருக்கு?" என்றார் பாட்சி. கூட்டம் சிரித்தது. பிறகு சிரிக்காமல் நெருங்கியது. மலாக்கி வண்டியை நோக்கி ஓடினார். மோதிரம் சேற்றில் கிடந்தது.

பாட்சி அதை எடுத்துச் சட்டையில் துடைத்து, பயபக்தியோடு நோரீனிடம் நீட்டினார். "கைராசி ஒனக்குத்தான் இருக்குன்னு இப்பல்ல தெரியுது. நீயே சுத்திப் பாத்துச் சொல்லேன்."

அவருக்குப் பின்னால் வரிசை மறுபடியும் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. டோனலும் அதில் நின்றான்.

மகானைத்தான் துரத்தினார்கள், வரிசையை விடவில்லை. வெற்றி என்று அவள் நினைத்தது கசந்தது.

இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"மாட்டேன், பாட்சி. மோதிரத்துக்குக் கண்ணு கிடையாது, ஒங்களுக்கு இருக்கு. தொப்பிய எடுத்துட்டு அட்டையப் படிங்க."