காத்தக்காவும் ஜப்பான் துணிக்கொடியும்

ஸ்டுட்கார்ட் நகரத்திலேயே காற்றிடம் கேட்காமல் துணி உலர்த்தாத ஒரே ஜீவன் எங்கள் காத்தக்காதான்.

யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு மேல்மாடியில் குடியிருந்தார். எங்காவது அணுகுண்டு சோதனை நடந்தால் அதன் தூசு எந்தப் பக்கம் போகும், எங்கே இறங்கும் என்று காற்று முன்னறிவிப்பை வைத்துக் கணிப்பதுதான் உத்தியோகம். குண்டு தினமுமா வெடிக்கிறது? மிச்ச நாளெல்லாம் அந்தத் திறமை எங்கள் தலையில் இறங்கும்.

"தம்பி, கருவாடு இப்ப பொரிக்காதையுங்கோ. மூண்டு மணிக்குக் காத்து திரும்பும். வீட்டுக்கார அம்மாவுக்கு மணம் போகாது."

நம்பி மூன்று மணிக்குப் பொரித்தேன். மூன்றே காலுக்கு வீட்டுக்கார அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"என்ர கணக்குச் சரி, காத்துத்தான் பிழை" என்றார் அக்கா, கொஞ்சமும் அசராமல்.

இரண்டாயிரத்து ஆறில் வட கொரியா குண்டு வெடித்துப் பார்த்தது. அன்று காலை மடிக்கணினியோடு என் கதவைத் தட்டினார். முகத்தில் சிரிப்பில்லை.

"உங்கட போனை ஒருக்கா தாங்கோ தம்பி. என்ர நம்பரைக் கண்டால் அவன் எடுக்கமாட்டான்."

அவன் என்றால் ஜப்பானில், நீகாட்டாவில் இருக்கும் அவருடைய கூடப்பிறந்த தம்பி. ஜப்பான்காரியைக் கல்யாணம் செய்தபோது அக்கா வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார். அதோடு பேச்சு அறுந்துவிட்டது.

"பூமிக்கு அடியிலதானே வெடிச்சிருக்காங்க அக்கா?"

"ஓம். கசிஞ்சால்? இந்தக் காத்து அவன்ர வீட்டுக்கு மேலாலைதான் போகுது."

ஸ்பீக்கரில் மணி அடித்தது. எடுத்தான்.

"டேய், நான்தான். வைச்சிடாதை. வெளியிலை காயிற உடுப்பெல்லாத்தையும் உள்ளுக்கை எடு. யன்னலைப் பூட்டு."

அவன் வைக்கவில்லை.

"பிள்ளையின்ர உடுப்பு மட்டும்தான் அக்கா காயுது."

"என்ன பிள்ளை?"

"மகள். ஆறு மாசம்."

காற்றின் போக்கையெல்லாம் கணித்தவருக்கு இது தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு என் சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "ஆரைப் போலயடா இருக்கிறாள்?"

"உன்னைப் போலத்தான். ஒரே சத்தம்."

அழுதுகொண்டே சிரித்தார். அந்தப் பக்கம் குழந்தை வீறிட, "அழவிடு, அழவிடு, கேக்கட்டும்" என்றார்.

தூசு எதுவும் நீகாட்டாவில் இறங்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு நான் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. காபி போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன். போனையும் வீட்டுச் சாவியையும் அவரிடமே விட்டுவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.