கடன் வாங்காதவனின் நாய்

அன்பர்களே, கடன் என்பது நாமே கதவைத் திறந்து, நாற்காலி போட்டு உட்காரவைக்கும் விருந்தாளி. சாப்பாடு முடிந்ததும் அவன் எழுந்து போவதில்லை. படுக்கை எங்கே என்று கேட்பான்.

இந்த உவமையை எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் புதன்கிழமைதோறும் நடத்தும் கடனொழிப்பு வகுப்பில் பதினோரு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அயோவா மாநிலத்தில் கடனை என்னளவு வெறுத்தவர் இல்லை. வீடு, தந்தையார் விட்டுச் சென்றது. டிரக், ரொக்கத்துக்கு வாங்கியது. அறுபத்திரண்டு வயதில் எந்த வங்கிக்கும் நான் ஒரு சென்ட் தரவேண்டியதில்லை. வகுப்புக்கு வருவோரின் கடன் அட்டைகளை என் கையாலேயே கத்தரித்திருக்கிறேன். என் மனைவி நடீன் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. துணி மடிக்க வேண்டும் என்பாள்.

சிக்கனத்தையும் போதிப்பவன் நான். ஆகவே ஆகஸ்ட் மாதத் தேவாலய விருந்தில் நூற்றெண்பது பேர் கொறித்துப் போட்ட மக்காச்சோளச் சக்கைகளை இரண்டு மூட்டையாகக் கட்டி, தோட்டத்து உரத்துக்கென்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எட்டு டாலர் மிச்சம். நாய்க்கு எட்டாத இடத்தில் வைக்கும்படி நடீன் இருமுறை சொன்னாள். வைத்துவிட்டதாக நானும் இருமுறை சொன்னேன்.

எங்கள் ஓட்டிஸ், காது தரையில் புரளும் குட்டைக்கால் வேட்டைநாய். வாழ்நாளில் எதையும் வேட்டையாடாத அது, அன்று மூட்டையை வேட்டையாடியது. மூன்றாம் நாள் தண்ணீரைக்கூட வாந்தியெடுத்தது. நகம் வெட்டிவர அழைத்துப் போவதாக நடீனிடம் சொல்லிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் விரைந்தேன்.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். குடல் அடைத்திருக்கிறது; இன்றே வயிற்றைத் திறக்காவிட்டால் நாளை திறப்பதற்கு நாய் இருக்காது என்றார். மூவாயிரத்து அறுநூறு டாலர். முன்பணமாகவே.

இருவர் பெயரிலும் உள்ள சேமிப்புக் கணக்கில் பணம் இருந்தது. ஆனால் அதைத் தொட்ட மறுகணம் நடீனின் கைபேசி மணியடிக்கும். மணியடித்தால் மூட்டைக் கதையும் வெளிவரும். என் தவிப்பைக் கண்ட வரவேற்பாளர் ஜாய்லின், மருத்துவச் செலவுக்கென்றே ஒரு கடன் அட்டை இருப்பதாகச் சொன்னாள். ஆறு மாதத்துக்குள் முழுவதும் கட்டிவிட்டால் வட்டி இல்லை. ஒருநாள் தவறினாலும் முதல்நாளிலிருந்தே வட்டி.

தீப்பிடித்த வீட்டுக்காரன் அயலாரின் வாளியை வாங்கினால் அது கடனாகுமா என்று என் மனச்சாட்சியைக் கேட்டேன். அது உடனே ஒப்புக்கொண்டது. அத்தனை சுறுசுறுப்பாக அது எனக்கு என்றும் பதில் சொன்னதில்லை. கைபேசியில் விண்ணப்பித்தேன். இரண்டே நிமிடத்தில் ஜாய்லினின் திரைக்குப் பதில் வந்தது.

"இல்லன்னு வந்திருக்கு, மிஸ்டர் டெய்க்ஸ்ட்ரா."

"நான் யாருக்கும் ஒரு சென்ட் பாக்கி வச்சதில்லையேம்மா."

"அதுதான் பிரச்சினை. கடன் வாங்கித் திருப்பிக் கட்டினாத்தான் மார்க் போடுவாங்க. உங்களுக்கு மார்க்கே இல்ல."

"பூஜ்யமா?"

"பூஜ்யம்னாக்கூடத் தேவலை. பரீட்சைக்கே வரலைன்னு போட்டிருக்கு."

ஓட்டிஸ் தலையை என் காலணிமேல் வைத்துக்கொண்டு மூச்சுவாங்கியது. ஒன்பது ஆண்டுகளாக என் உபதேசத்தை ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்ட ஒரே ஜீவன். மானம் பெரிதா, நாய் பெரிதா என்று நான் நெடுநேரம் எடைபோடவில்லை. நடீனை அழைத்தேன்.

"நடீன், நகம் வெட்டறது கொஞ்சம் ஆழமாப் போயிருச்சு."



"எத்தனை சக்கை தின்னுச்சு?" என்றாள்.

பத்து நிமிடத்தில் வந்துசேர்ந்தாள். என்னை ஏறெடுத்தும் பாராமல் குனிந்து ஓட்டிஸின் காதைத் தடவினாள். பிறகு பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். எனக்கு மறுக்கப்பட்ட அதே வகை அட்டை. ஜாய்லின் அதைத் தேய்த்தாள். நாயை உள்ளே தூக்கிச் சென்றார்கள்.

"இது எத்தனை வருஷமா இருக்கு?" என்றேன்.

"எட்டு."

"எதுக்கு?"

"முதல்ல உன் மேல்வரிசைப் பல்லுக்கு. அப்புறம் கண்ணாடி. போன வருஷம் காது மிஷின்."

"பல் டாக்டர் நம்ம சர்ச்சுக்காரர்னு சும்மா கட்டிக் குடுத்தாரே?"

"அப்படி நீயே நினைச்சுக்கிட்ட. சந்தோஷமா இருந்த, நான் எதுக்குக் கெடுக்கணும்?"

"வட்டி?"

"ஒரு டாலர்கூடக் கட்டினதில்ல, ஹார்லன். என் ஸ்கூல் கேன்டீன் சம்பளம், கெடுவுக்கு மூணு நாள் முன்னாடியே போயிரும். புதன்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பேன். அன்னைக்குத்தான் வீடு அமைதியா இருக்கும்."

அன்பர்களே, கடன் வாங்குவது இழிவு என்று இந்த எட்டு ஆண்டுகளாக நான் முழங்கிய ஒவ்வொரு சொல்லும் கடனில் கட்டிய பற்களின் வழியாகவே வெளிவந்திருக்கிறது. கேட்டவர்கள் உச்சரிப்பு தெளிவாக இருப்பதாகப் பாராட்டவும் செய்தார்கள். ஆதலால் சொல்கிறேன்: அடுத்தவருக்கு உபதேசிக்குமுன் உங்கள் வாய்க்குள் இருப்பது யாருடையது என்று மனைவியிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் மருத்துவர் மூன்று சக்கைகளை ஒரு கிண்ணத்தில் வைத்துக் காட்டினார். ஓட்டிஸ் மயக்கம் தெளிந்ததும் அந்தக் கிண்ணத்தையே ஆவலோடு பார்த்தது. பிழைத்துவிட்டது.

வீடு திரும்பும் வழியில், எனக்கும் ஏதாவது மார்க் விழட்டும், அட்டையில் என் பெயரையும் சேர்த்துக்கொள் என்று பணிவோடு வேண்டினேன். நடீன் பெருந்தன்மையோடு சம்மதித்தாள். துணிவு பெற்று, ஆபத்து என்று வந்தால் அதில் எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்றும் கேட்டுவைத்தேன்.

"ஓட்டிஸுக்குன்னா அஞ்சாயிரம்," என்றாள். "உனக்குன்னா முதல்ல எனக்குப் போன் பண்ணு."