எஞ்சினுக்கு முதுகு காட்டியவர்கள்

நெய்வேலி,
8-1-1965, வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி ராஜாங்கத்துக்கு, உன் அக்காள் செங்கமலம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் நான், என் மகள், மாப்பிள்ளை சிவப்பிரகாசம் ஆகிய மூவரும் சௌக்கியம். உன் எஞ்சின் மட்டும் சௌக்கியமாக இல்லை. பொன்மலையில் உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும். வலி அதிகமாக இருந்தால் நல்லது, இந்தப் பக்கம் வரமாட்டாய்.

நீ போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி எழுதிய கடிதம் கிடைத்தது. ‘ரயில்வேக்காரர்களும் எஞ்சின் அன்பர்களும் அல்லாத சாதாரணப் பொதுமக்களை நம் நீராவி ரயிலுக்கு ஈர்ப்பது எப்படி? இருபத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் தர்க்கம் கற்பித்த நீ ஒரு யோசனை சொல்ல வேண்டும்’ என்று கேட்டிருக்கிறாய். அதே தாளின் மறுபக்கத்தில், வந்துகொண்டிருந்த பொதுமக்களை விரட்டுவதற்கான உத்தரவையும் எழுதியிருக்கிறாய். இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள்தான் எழுதினானா என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கையெழுத்து உன்னுடையதுதான்.

நிலைமை உனக்கு மறந்திருக்கலாம்; எஞ்சின் ஓட்டும் கொளஞ்சியப்பனுக்கு மறக்கவில்லை. சுரங்கம் வெட்டத் தொடங்கிய காலத்தில் மண் இழுத்த அந்தக் குட்டி எஞ்சினை, மண்ணைத் தானே வெட்டித் தள்ளும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் வந்த பிறகு பழைய இரும்பில் போடவிருந்தார்கள். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்ற கையோடு நீ உன் ‘பழைய நீராவி எஞ்சின் அன்பர் சங்க’த்தைத் திரட்டிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மைல் உல்லாச ரயில் விடுகிறோம், ஊரே திரண்டு வரும் என்று வாக்குக் கொடுத்தாய். நிர்வாகம் ஓராண்டு பொறுத்தது. நாளை மறுநாள் ஞாயிறு, அதிகாரி ஒருவர் வந்து தலை எண்ணப்போகிறார். நூறு பேர் இருந்தால் ரயில் தொடரும், கொளஞ்சியப்பனும் கான்ட்ராக்டிலிருந்து பெர்மனென்ட் ஆவான். இல்லாவிட்டால் எஞ்சின் உருக்கு உலைக்கு, அவன் மண்வெட்டிக்கு.

இந்த நூறு பேருக்காக உன் சங்கம் செய்த திருப்பணிகளை வரலாறு மறக்கக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். முதலில் ஒரு துண்டுப்பிரசுரம் அச்சடித்தீர்கள். சக்கரத்தின் குறுக்களவு, கொதிகலனின் அழுத்தம், பிஸ்டன் போய்வரும் தூரம் எல்லாம் அதில் இருந்தன. ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பது மட்டும் இல்லை. அடுத்து, பயணிகளை வெயிலில் நிறுத்தி, உன் சங்கத்தை இங்கே நடத்தும் மாப்பிள்ளை முப்பது நிமிஷம் கொதிகலன் பற்றிச் சொற்பொழிவாற்ற ஏற்பாடு. பிறகு விதிகள்: பெட்டியில் தின்பண்டம் கூடாது, குழந்தை அழக் கூடாது, பித்தளையைத் தொடக் கூடாது. மண்மேட்டின் விளிம்பு வரை போகும் தண்டவாளத்தில் இருநூறு கெஜம் முன்னதாகவே ஒரு நிலையம் கட்டி, எல்லா பெஞ்சுகளையும் எஞ்சினைப் பார்த்துப் போட்டீர்கள். பயணம் வந்தவன் இறங்கி, தன்னை இழுத்து வந்த எஞ்சினை அரைமணி நேரம் உட்கார்ந்து வணங்கிவிட்டு வீடு திரும்ப வேண்டும். இதற்குப் பெயர் உல்லாசம். இத்தனைக்கும் வந்தவர்கள், விழுப்புரத்திலிருந்து ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் ஏழு பேர். அவர்களில் ஒருவர் எஞ்சினுக்குப் பூசிய பச்சை தவறான பச்சை என்று வாராவாரம் சொல்வதற்காகவே வந்தவர்.

ஒரு ஞாயிறு விசிலை நீளமாக ஊதினால் ஜனம் வரும் என்று உன் சங்கத்தாருக்கு யாரோ சொல்ல, கொளஞ்சியப்பன் மதியம் ஒன்றரை மணிக்கு ஊதினான். அதை ஷிப்டு சங்கு என்று எண்ணி, கையைக் கழுவாமல்கூட, டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு முப்பத்து நான்கு பேர் ஓடி வந்தார்கள். மாப்பிள்ளை அவர்களுக்கும் கொதிகலனை விளக்கத் தொடங்கினார். அவர்கள் திட்டிய திட்டை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் சங்கத்தின் பதிவேட்டில் அன்றைய வருகை ‘பொதுமக்கள், முப்பத்து நான்கு, மிகுந்த உணர்ச்சிவசப்பட்டனர்’ என்று இருக்கிறது. நானே பார்த்தேன்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை, பொதுமக்களில் ஒருவரையாவது ஏற்றிப் பார்த்துவிடுவோம் என்று வீட்டிலேயே தேடினார். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் மாணிக்கம்மாள்தான் அகப்பட்டாள். ‘யம்மா, என்னாத்துக்குங்க எனக்கு ரயிலு? வூட்ல வேல கெடக்குது’ என்றாள். நான் துணைக்கு வருவதாகச் சொன்ன பிறகே ஏறினாள். அன்று பார்த்து பிரேக் சரியாகப் பிடிக்காமல், கொளஞ்சியப்பன் எவ்வளவோ முயன்றும் ரயில் உங்கள் நிலையத்தைக் கடந்து, மண்மேட்டு விளிம்பில் போய்த்தான் நின்றது. கீழே திறந்தவெளிச் சுரங்கம் முழுவதும் தெரிந்தது. மாப்பிள்ளை பிரேக்கைப் பற்றி வருந்திக்கொண்டிருக்க, மாணிக்கம்மாள் இறங்கி விளிம்பருகே போய் நின்றாள். அவள் புருஷன் பெரியண்ணன் ஏழு வருஷமாகச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். அந்தப் பெரிய சக்கர இயந்திரத்தைத் தானே ஓட்டுவதாகவும், அந்த அலுப்பால்தான் வீட்டில் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க முடியவில்லை என்றும் ஏழு வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறான். அவன் வேலை செய்யும் இடத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. எந்தப் பெண்பிள்ளையும் பார்த்ததில்லை, கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

‘யம்மா, அதோ, பம்பாண்ட கொடைய விரிச்சிகினு குந்தியிருக்கறது யாருன்னு பாருங்க.’

‘எனக்கு எல்லா இரும்புத் தொப்பியும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது’ என்றேன்.

‘தொப்பி கெடக்குதுங்க. அந்தக் குந்தற குந்து எனக்குத் தெரியாதுங்களா?’ என்றவள், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, சுரங்கமே நிமிர்ந்து பார்க்கும்படி கூவினாள்: ‘யோவ்! சக்கரத்த ஓட்டறேன் சக்கரத்த ஓட்டறேன்னு சொல்லிகினு, இங்க குந்திகினு கொட்டாவி வுட்டுகினா இருக்கற?’

கீழேயிருந்து குடை நிமிர்ந்தது. ‘ஏய், நீ எங்கடி இங்க வந்த? அடுப்ப அணச்சிட்டு வந்தியா?’

‘அடுப்பு கெடக்கட்டும்! நாளையிலேந்து தண்ணிக் கொடம் உன்னுதுதான்!’

பம்பிலிருந்து தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் பெரியண்ணனின் உத்தியோகம். பொறுப்பான உத்தியோகம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை பதினாறாம் பிளாக்கிலிருந்து பஸ் நிறுத்தம் வரை வேறு பேச்சே இல்லை. அடுத்த ஞாயிறு ரயிலடியில் எழுபத்திரண்டு பெண்கள். அதற்கடுத்த ஞாயிறு நூற்றுப் பத்து. குறிஞ்சிப்பாடியிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பூரித்துப்போய், நீராவியின்மீது மக்களுக்குக் காதல் மலர்ந்துவிட்டதாக உனக்குத் தந்தி கொடுத்தார். மலர்ந்த காதலின் லட்சணத்தை நான் நேரில் கேட்டேன். ‘ஐயா, பாய்லரு எங்கயும் ஓடிடாது, அப்பறமா சொல்லுங்க. வண்டிய வுடுங்க, ஷிப்டு முடிஞ்சிடப் போவுது!’ கொளஞ்சியப்பன் இப்போது வேண்டுமென்றே நிலையத்தைத் தாண்டி ஓட்ட, விளிம்பில் போய் இறங்கியதும் நூற்றுப் பத்துப் பேரும் எஞ்சினுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். தங்கராசு என்பவன் மெய்யாகவே அந்தச் சக்கர இயந்திரத்தை ஓட்டுகிறான். அதைக் கண்ணால் கண்ட அவன் மனைவி தனம், அன்றிலிருந்து தெருக்குழாயில் வரிசையில் நிற்பதில்லை; முதல் குடத்தை மற்றவர்களே அவளுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள்.

எல்லாக் குடும்பத்திலும் இப்படி மங்களமாக முடியவில்லை. போர்மேன் சிங்காரவேலு, தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை என்று ஆறு ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர், ஒருவன் விசிற ஒருவன் செய்தித்தாள் படிக்க, மரப்பெட்டிமேல் கண்மூடி வீற்றிருந்ததை அவர் மனைவி கஸ்தூரியம்மாள் பார்த்துவிட்டாள். மறுநாள் அவர் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

‘நீங்கதான் மாப்பிள்ளையாண்ட சொல்லணும்மா. மேல நூறு பொம்பளைங்க நின்னுகினு பாத்தா மனுஷன் எப்படிங்க வேல செய்வான்? குந்த முடியல, கைய கட்ட முடியல, ஒரு பீடி பத்த வைக்க முடியல.’

‘உட்காராமல் வேலை செய்து பார்த்தீர்களா?’ என்று கேட்டேன்.

‘அதெல்லாம் வழக்கமில்லீங்க’ என்றார்.

அவர்கள் வந்து போன இரண்டாம் நாள்தான் உன் உத்தரவு வந்தது. ‘பயணிகள் எஞ்சினைப் பார்க்காமல் வேறு எதையோ பார்ப்பதாகக் கேள்விப்பட்டு மிகவும் மனம் நொந்தேன். இனி ரயில் நிலையத்தைத் தாண்டக் கூடாது. விளிம்புக்குக் குறுக்கே வேலி போடவும்.’ போட்டார்கள். போன ஞாயிறு வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் அந்தப் பச்சைக்காரர். கொளஞ்சியப்பன் என்னிடம் வந்து நின்றான். ‘நூறு பேர கூட்டியாந்து குடுத்தது இந்த வண்டிதானுங்களே, எதப் பாத்தா என்னங்க? பெரிய ஐயா கொஞ்சம் கண்ண மூடிகினு இருந்தாருன்னா நான் பொழச்சிக்குவேன்’ என்றான். என் இருபத்தாறு ஆண்டுப் பணியில் இவ்வளவு சுருக்கமாக ஒரு மாணவனும் வாதத்தை முடித்ததில்லை.

ஆகவே, நீ கேட்ட யோசனை இதோ. எஞ்சினைப் பார்க்க எஞ்சின் பித்தர்கள் வருவார்கள். மற்றவர்கள், எஞ்சின் தங்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்க வருவார்கள். இது புரிவதற்குப் பட்டம் தேவையில்லை. பட்டம் இருப்பவர்களுக்குத்தான் புரியவில்லை. இதை ஏற்க உனக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். ஐந்து வயதிலேயே தேரைப் பார்க்காமல் தேர்ச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நீ. எனவே ஞாயிற்றுக்கிழமை அதிகாரி வந்து நான்கு தலையை எண்ணட்டும். எஞ்சினை உருக்கிப் பெண்டுகளுக்கு வாணலியாகவாவது வார்க்கட்டும். கொளஞ்சியப்பனுக்கு உன் செல்வாக்கில் பொன்மலையில் ஒரு வேலை பார்த்துக் கொடு. அது உன் கடமை. இனி ரயில் விஷயமாக எனக்கு ஒரு வரியும் எழுத வேண்டாம். நான் அந்தப் பெட்டியில் இனி ஏறப்போவதுமில்லை.

உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். நீ நூறாண்டு இரு, புகையில்லாமல் இரு.

இப்படிக்கு,
செங்கமலம்

பின்குறிப்பு, 14-1-65, பொங்கல்: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் கொடுத்தேன், அவர் ஆறு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். ஆகையால் மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. நடந்தது இது. ஞாயிறு அதிகாலை, அதிகாரியிடம் முறையிடப் பெண்கள் கூட்டமாக வந்து வேலியைப் பிடுங்கப்போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, சிங்காரவேலு பயந்துபோய், ஷிப்டு இல்லாத ஆண்களையெல்லாம் திரட்டி வர, ஒரு பெண்ணும் ஏற இடமில்லாதபடி அத்தனை சீட்டையும் அவர்களே வாங்கிக்கொண்டார்கள். நூற்று இருபத்தாறு ஆண்கள். வேறு போக்கிடம் இல்லாமல் அரைமணி நேரம் எஞ்சினையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி எண்ணிப் பார்த்து, நீராவிமேல் இத்தனை பக்தியை எங்கும் கண்டதில்லை என்று சொல்லி, அங்கேயே கையெழுத்துப் போட்டார். பெண்கள் விடவில்லை, ஞாயிறு ஆண்களுக்கு என்றால் புதன் எங்களுக்கு என்று மாப்பிள்ளையை வாசலில் மறித்தார்கள். வேலி எடுக்கப்பட்டது, நான்தான் எடுக்கச் சொன்னேன். மூன்று பெட்டி போதவில்லை. பொன்மலையிலிருந்து உடனே இரண்டு பெட்டி அனுப்பு, பக்கவாட்டில் அடைப்பு இல்லாததாகப் பார்த்து. நேற்று எனக்கே நின்றுகொண்டுதான் போக வேண்டியிருந்தது.

கொளஞ்சியப்பன் பெர்மனென்ட். நேற்றைய முதல் புதன் ரயிலில் அவன் மனைவி வீராயி வந்திருந்தாள். அவள் மட்டும் சுரங்கத்தின் பக்கம் திரும்பவே இல்லை. போகவர இரண்டு மைலும் எஞ்சினையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது என்னிடம், ‘மெய்யாலுமே ஓட்டத்தாங்க செய்யறாரு’ என்றாள்.