ஏர்கோன் அண்ணன் போட்ட ஓட்டை

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் கோபக்காரர்கள் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் ஒரு திருகாணியைப் பார்த்து "நீ என்ன பெரிய ஆளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்த மனிதர் ஏர்கோன் அண்ணன் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. என் கைப்பேசியில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. கிள்ளான் பக்கம் பண்டமாரானில் வீடு. ஏர்கோன், அதாவது ஏசி, கழுவுவது தொழில்; விளையாட்டுக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டுவது வெறி. அதிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடும் கம்ப்யூட்டர் என்றால்தான் கையை வைப்பார். ஏன் என்று தெரியாத்தனமாக ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"நம்ம வீட்டுச் சாமான், பாஸ்! நம்ம சொன்னாத்தான் ஓடணும், நம்ம சொன்னாத்தான் நிக்கணும். நடு ஆட்டத்துல 'இரு, நான் அப்டேட் ஆயிட்டு வரேன்'னு அது நமக்கு ஆர்டர் போடக் கூடாது லா!"

அவர் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து யார் அடிபட்டது என்று கேட்டார்.

நான் பூட்டச் சொன்ன கம்ப்யூட்டர் எனக்கில்லை, என் தம்பி சேகருக்கு. ஷா ஆலமில் பதினெட்டு வருடம் அவன் உழைத்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து பின்னறைக்குள் புகுந்தவன் கதவைச் சாத்திக்கொண்டான். ஐந்து மாதம்! சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், காலித் தட்டு வெளியே வரும். நாற்பத்திரண்டு வயது ஆளைக் கையைப் பிடித்து இழுத்து வர முடியுமா? தொழிற்சாலை மேல் கோபம், அவன் மேல் கோபம், ஆறுதலாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத என் மேல் அதைவிடக் கோபம். இளவட்டமாக இருந்தபோது கார் பந்தய விளையாட்டு என்றால் சேகர் உயிரை விடுவான். வரவேற்பறையில் பெரிய டிவியில் அதை ஓட விட்டால் வெளியே வருவான் என்று நினைத்தேன்.

"ரெண்டு மணி நேர வேலை," என்றார் ஏர்கோன் அண்ணன். ஆறு சனிக்கிழமை ஆனது.

பண்டமாரானிலிருந்து வருகிற வழி முழுக்க ஜாம். ஆகவே வீட்டுக்கு வரும்போதே கொதித்துப்போய்த்தான் வருவார். முதலில் லிஃப்டுக்குத் திட்டு, அடுத்து என் சோபாவுக்கு, அப்புறம் சுவரில் இருக்கும் பிளக்குக்கு. என் மனைவி தே ஓ கோசோங் கொடுத்தால், "என்னக்கா, இனிப்பா இருக்கு?" என்பார். சீனியே போடாத தேநீர் அது.

முதல் சனிக்கிழமை நான் கீழே இறங்கி ரொட்டி வாங்கி வருவதற்குள், ஏர்கோன் குழாய்க்குச் சுவரில் துளை போடும் டிரில்லை எடுத்து என் டிவி மேசையின் பக்கவாட்டில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டார். என் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த தேக்கு மேசை.

"என்னண்ணே இது!"

"காத்து போக வேணாமா? உள்ள கம்ப்யூட்டர் வேகட்டும்னு சொல்றீங்களா?"

என் மனைவி மூன்று நாள் அவருடன் பேசவில்லை. அவர் அங்கே இல்லாததால் என்னுடனும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை லினக்ஸ் ஏறியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மளமளவென்று ஓடியது. கடவுச்சொல் கேட்டது. தட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. பலமாகத் தட்டினேன்.

"அது காட்டாது, பாஸ்! காட்டினா அப்புறம் என்ன ரகசியம்? கீபோர்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

ஒருவழியாகக் கார் ஓடியது. பின்னறைக்குக் கேட்கட்டும் என்று சத்தத்தை ஏற்றி வைத்து, ஐம்பத்தைந்து வயதில் நான் ஓட்டினேன். சுவரில் இடித்தேன், மரத்தில் இடித்தேன். கதவு திறக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஓட்டத்துக்கும் பங்கம் வந்தது. நாலைந்து வாரம் போனதும் பத்து நிமிடம் ஓடினால் திரை உறைந்துபோனது. ஏர்கோன் அண்ணன் வந்தார். கறுப்புத் திரையில் எதையெதையோ தட்டினார். திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவர்தான் கோளாறு என்று கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். மூன்று சனிக்கிழமை இதே கூத்து. கடைசியில் டிவியைப் பார்த்து, "உன்னைப் பெத்தவன் யாரு?" என்று அவர் கத்திக்கொண்டிருந்தபோது பின்னறைக் கதவு படாரென்று திறந்தது.

தாடியும் கைலியுமாகச் சேகர் நின்றான்.

"அண்ணே, மூணு வாரமா கேட்டுக்கிட்டு இருக்கேன். அது டிரைவர் இல்ல. சூடு!"

"சூடா? யார்கிட்ட சொல்ற? இருபது வருஷமா ஏர்கோன் வேலை பாக்குறேன், எனக்குச் சூடு தெரியாதா?"

"தெரிஞ்சா தொறந்து பாருங்க லா!"

இத்தனை மாதத்தில் அவன் வாய்விட்டுப் பேசியது அதுதான். நானும் மனைவியும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தோம்.

திறந்தார்கள். விசிறியின் முன்னால் இருந்த வலையில் பிசுபிசுவென்று ஏதோ கறுப்பாக அப்பிக் கிடந்தது. ஏர்கோன் அண்ணன் மோந்து பார்த்தார்.

"அலாமாக்! சாம்பிராணி!"

வெள்ளிக்கிழமைதோறும் சாமி மேடைக்குக் கீழே என் மனைவி தூபக்கால் வைப்பாள். அதற்கு நேர் பக்கத்தில்தான் அவர் போட்ட ஓட்டை. புகை மொத்தத்தையும் கம்ப்யூட்டர் இழுத்துக் குடித்திருக்கிறது.

"உங்க பெட்டிக்காக நான் சாமிக்குப் புகை காட்டாம இருக்கணுமா?" என்றாள் மனைவி.

"அந்த ஓட்டையை எவன் போட்டான்?" என்று சேகர் கேட்டான். ஏர்கோன் அண்ணன் வேறு ஆள் கிடைக்காமல் ஓட்டையைத் திட்டினார். சேகர் சிரித்துவிட்டான். அன்று மாலை வரை இருவரும் தரையில் உட்கார்ந்து வலையைக் கழுவினார்கள், சண்டை போட்டார்கள், கார் ஓட்டினார்கள். போகும்போது ஏர்கோன் அண்ணன் தூபக்காலை வாசல் பக்கம் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு கம்ப்யூட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவர் வர வேண்டிய தேவையே இல்லை. சேகரின் கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது. நல்லபடியாக ஓடுகிற ஒரு மெஷின் மேல் மனிதனுக்கு அவ்வளவு கோபம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. நானே தூபக்காலை எடுத்துப்போய் ஓட்டைக்கு நேராக வைத்து, தாராளமாகச் சாம்பிராணி போட்டேன். அடுத்த வெள்ளியும் போட்டேன். மூன்றாவது வெள்ளி திரை உறைந்தது. சந்தோஷமாகப் போன் போட்டேன்.

சனிக்கிழமை அவர் கத்திக்கொண்டே வந்து மூடியைத் திறந்தார். வலையை மோந்தார். ஓட்டைக்கு நேராக இருந்த தூபக்காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சீலிங்கைப் பார்த்தேன்.

பின்னறைக் கதவு திறந்தது. "என்னண்ணே, மறுபடியுமா?" என்று கைலியை இறுக்கிக்கொண்டே சேகர் வந்தான்.

ஏர்கோன் அண்ணன் என் காதருகே குனிந்தார். "அடுத்த வெள்ளியும் போடுங்க, பாஸ். கொஞ்சமா போடுங்க. மெஷின் பாவம்."

பிறகு நிமிர்ந்து, "எவன்டா இங்க சாம்பிராணி போட்டது?" என்று ஃபிளாட்டே அதிரக் கத்தினார்.

அந்த ஓட்டை இன்னும் என் டிவி மேசையில் இருக்கிறது. பலகை அடித்து மூடச் சொல்லி மனைவி நச்சரிக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கும் எரிச்சலாகத்தான் வருகிறது. ஆனால் மூட மட்டும் மனசு வரவில்லை.