வளைந்த திரையை நிமிர்த்தப் போனேன்

2018ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணி 40 நிமிடம். கத்திரி வெயிலின் பத்தாம் நாள். வானத்தில் மேகம் பூஜ்யம். ஹாலில் மாட்டியிருந்த வெப்பமானி 36 டிகிரி காட்டியது. (வாசலில் எவ்வளவு என்று பார்க்க அதைக் கழற்றிக்கொண்டு போனேன். மனைவி திருப்பி மாட்டச் சொல்லிவிட்டாள்.) அந்த நிமிடத்தில்தான் ஆம்பூரில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி உயிரை விட்டது.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்தாறு ஆண்டுகள் தரம் பிரிப்பவனாக இருந்தவன். பதப்படுத்திய தோல்கள் என் மேசைக்கு வரும். நான் பார்ப்பேன், தடவுவேன், நான்கு விரல்களைப் பின்னால் கொடுத்துக் கட்டைவிரலால் முன்னால் அழுத்துவேன். சுருக்கம் விழுகிறதா, விழுந்த சுருக்கம் போகிறதா என்று பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம், ரிஜெக்ட் என்று ஒதுக்குவேன். ஒரு நாளைக்குச் சராசரியாக அறுநூறு தோல். ஓய்வு பெற்றபோது மாலை போட்டு என்னை அனுப்பிவிட்டார்கள். கட்டைவிரலுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. மாம்பழம், தலையணை, இட்லி, பேத்திக்கு வாங்கிய பந்து என்று எதையும் அழுத்திப் பார்க்காமல் என்னால் ஏற்க முடியாது. ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியை அழுத்திப் பார்த்து, அது இரண்டாம் தரம் என்று அவரிடமே சொன்னேன். பல்லைக் கொஞ்சம் அழுத்தியே பிடுங்கினார்.

வேறொரு நாளில் டிவி செத்திருந்தால் எனக்குக் கவலை இல்லை. அன்று மாலை ஐந்து மணிக்கு எங்கள் வேலூர் மாவட்டக் கேபிள் சேனலில் கோடை விடுமுறைச் சிறப்பு நிகழ்ச்சி. அதில் முன்பே படம்பிடித்து வைத்த பதினொரு சிறுமிகளின் கோலாட்டம். அந்தப் பதினொருவரில் ஒருத்தி எங்கள் பேத்தி தர்ஷினி, வயது ஒன்பது. முதல்முறையாக டிவியில் வரப்போகிறாள். அதைப் பேத்தியோடு உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே என் மருமகளின் அப்பா முனிரத்தினம், நெமிலியிலிருந்து முதல் பஸ் பிடித்து, ஒரு வாழைத்தாரோடு வந்து இறங்கியிருந்தார்.

மெக்கானிக் வந்தார். பின்பக்க மூடியைத் திறந்தார், மூடினார். "போர்டு போய்ட்டுது சார். பார்ட்ஸ் வர்றதுக்கு மூணு நாள் ஆவும்."

"பக்கத்து வீட்டுல போய்ப் பாத்துட்டு வரலாமே மாமா" என்றாள் மருமகள். நியாயமான யோசனை. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. நூறு கிலோமீட்டர் தாண்டி வந்த சம்மந்தியைப் பக்கத்து வீட்டுக் கூடத்தில் ஓரமாக உட்கார வைத்தா டிவி காட்டுவது?

அப்போதுதான் சம்மந்தி, வாழைப்பழம் ஒன்றை உரித்தபடி, மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "பேசாம பாப்பாவக் கூட்டிக்கினு எல்லாரும் நெமிலிக்கு வந்துடுங்க சம்மந்தி. நம்ம வூட்டுல பொங்கலுக்கு வாங்கனது வளைவு டிவி. படம் அப்டியே நம்மள சுத்திக்கினு வரும்."

அந்த வளைவு டிவியைப் பற்றி ஜனவரியிலிருந்து பதினான்கு முறை கேட்டாகிவிட்டது. இது பதினைந்து.

"அவசியமில்ல சம்மந்தி. சாயந்திரம் இதே ஹால்ல, புது டிவியில, பாப்பா ஆடுவா" என்று அறிவித்தேன். என் மனைவி வசந்தா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் ஒரு டார்ச்லைட் வாங்கப் பதினொரு நாள் எடுத்துக்கொண்டதை அவள் மறக்கவில்லை.

நான், வசந்தா, சம்மந்தி, தர்ஷினி நால்வரும் வேலூருக்கு பஸ் ஏறினோம். மகன் ஓசூரில் வேலையில் இருந்தான். மருமகள் சமையலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். கடைக்குள் நுழைந்தபோது மணி 12:35. உள்ளே மொத்தம் முப்பத்தொரு டிவி. தட்டை இருபத்தேழு, வளைவு நான்கு.

எனக்கு டிவியோடு நாற்பது வருடப் பழக்கம். முதலில் வாங்கிய பெட்டிக்குத் திரை முன்பக்கம் உப்பியிருந்தது. அடுத்தது தட்டையாக வந்தது. இப்போது உள்பக்கம் குழிந்து வருகிறது. இந்த நாற்பது வருடத்தில் டிவியின் வயிறு உள்ளே போயிருக்கிறது, என்னுடையது வெளியே வந்திருக்கிறது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

எங்களைக் கவனிக்க வந்த விற்பனையாளர் பெயர் கல்பனா. முப்பது வயது இருக்கும், பொறுமையான பெண். (எவ்வளவு பொறுமை என்பதை அன்று அளந்து பார்த்துவிட்டேன்.)

"வளைவா, தட்டையா சார்?"

"வளைவு" என்றார் சம்மந்தி.

"தட்டை" என்றேன் நான்.

"எதுனா ஒண்ணு குடும்மா" என்றாள் வசந்தா. "அஞ்சு மணிக்கு எம் பேத்தி அதுல தெரியணும். அவ்ளோதான்."

வளைவு டிவியின் மேல் எனக்கு ஒரு தொழில்முறைச் சந்தேகம் இருந்தது. என் மேசையில் ஒரு தோல் படுத்துக் கிடக்காமல் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால், அதை உலர்த்தியதில் கோளாறு என்று அர்த்தம். அது நேராக இரண்டாம் தரத்துக்குப் போகும். இங்கே அதே கோளாறுக்கு ஒரு பெயர் வைத்து, தட்டையை விட இருபதாயிரம் ஜாஸ்தி கேட்கிறார்கள்! தட்டையாகச் செய்யப் போய் வளைந்துவிட்டதைத் தள்ளிவிடுகிறார்களோ என்று கல்பனாவிடமே கேட்டேன்.

"இல்ல சார், இது ஃபேக்டரியிலயே வளைச்சி வர்றது."

"எல்லா ரிஜெக்டும் ஃபேக்டரியில இருந்துதாம்மா வருது."

பையிலிருந்து டேப்பை எடுத்தேன். ஒரு முனையைக் கல்பனா பிடித்துக்கொள்ள, வளைவு டிவியைத் திரையோடு ஒட்டி ஒருமுறை, நேர்க்கோட்டில் ஒருமுறை அளந்தேன். பிறகு தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் நான் வரைந்து கொண்டுவந்திருந்த எங்கள் ஹாலின் படத்தை விரித்தேன். உட்காரும் இடங்கள் மொத்தம் ஒன்பது. கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி, ஒவ்வொரு இடத்துக்கும் அடி அளந்து போட்டு, உட்கார்ந்து, வளைவையும் தட்டையையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்பதில் மூன்று இடத்துக்குத்தான் வளைவு சுகம். மீதி ஆறு பேருக்கு ஒரு ஓரம் முகத்துக்கு நேரே வருகிறது, மறு ஓரம் முதுகைத் திருப்பிக்கொள்கிறது.

"எங்க வூட்டுல அப்டி இல்லியே" என்றார் சம்மந்தி.

"உங்க வூட்டுல எத்தன பேரு சம்மந்தி?"

"நானும் அவளும்தான்."

"அதான்."

நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். தட்டையில் இருபத்தேழு இருந்ததால் அடுத்து அவற்றுக்குள் தரம் பிரிக்க ஆரம்பித்தேன். இருபத்து மூன்றாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் வசந்தாவின் குரல்.

"இன்னாங்க, மணி இன்னா தெரியுமா?"

மணி 4:10. ஆம்பூருக்கு ஒன்றேகால் மணி நேரம். தர்ஷினி ஒரு வாஷிங் மெஷின் பெட்டியின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். இப்போது ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்போ நான் டிவில வர்றத நாம பாக்க மாட்டோமா தாத்தா?"

எனக்கு வியர்த்தது. கடையில் ஏசி இருந்தது. (நான்கு.)

கல்பனாதான் காப்பாற்றினார். "இங்கயே பாத்துட்டுப் போங்க பாப்பா. கடைல ஒரு கேபிள் கனெக்‌ஷன் இருக்கு. எந்த டிவில போடட்டும்?"

எல்லாவற்றிலும் பென் டிரைவ் போட்டு மீனும் பூவும் ஓடிக்கொண்டிருந்தன. கேபிள் ஒன்றே ஒன்றுதான். சம்மந்தி வளைவு டிவியின் பக்கம் முகத்தை மட்டும் திருப்பினார். பேத்தியைக் காக்க வைத்த குற்றத்தில் நானும் தலையாட்டினேன். கல்பனா கேபிளை அதில் மாட்டி, முன்னால் நான்கு நாற்காலி போட்டார். சம்மந்திக்கு நடு இடத்தைக் கொடுத்துவிட்டு நான் இடது ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் திரையின் இடது ஓரம் என் கண்ணையே உறுத்தியது. இவ்வளவு வளைந்தது இயல்பாக இருக்க முடியாது. லேசாக அழுத்தும்போது நிமிர்ந்து கொடுத்தால், என் சந்தேகம் நிரூபணமாகும். எழுந்து போனேன். நான்கு விரல்கள் தாமாகவே பின்னால் போயின. கட்டைவிரல் முன்னால் வந்தது.

கல்பனா அதைப் பார்த்துவிட்டார். ஆம்பூரை அடுத்த மாதனூர் பக்கத்து ஊர்க்காரராம், கம்பெனி பஸ்ஸில் போய் ஆறு வருடம் ஷூ ஃபேக்டரியில் வேலை செய்தவராம். இந்தக் கையை அவருக்குத் தெரியும்.

"சார்! நீங்க தோல் கம்பெனியா?" என்று அலறினார்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். "முப்பத்தாறு வருஷம்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன்.

'டிக்' என்று ஒரு சத்தம். மணி 4:52.

விரலுக்கடியில் மைத்துளி போல ஒன்று தோன்றியது. எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்தது. மாம்பழம் ஆனது. அரைத்தேங்காய் அளவில் நின்றது. முப்பத்தாறு வருடத்தில் எந்தத் தோலும் எனக்கு இப்படிப் பதில் சொன்னதில்லை.

"தாத்தா, டிவிக்குப் புண்ணு ஆய்டுச்சி" என்றாள் தர்ஷினி.

கண்ணாடி அறையிலிருந்து கடை முதலாளி வந்தார். "யாரு கை வெச்சது?"

சம்மந்தி, கல்பனா, தர்ஷினி, தாலி கட்டிய என் மனைவி நால்வரும் என்னைக் காட்டினார்கள். அவமானத்தில் நானும் என்னையே காட்டினேன். ஐந்து.

முதலாளி கோபப்படவில்லை. கரும்புள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்க பெரியவரே. இனிமே இது உங்க டிவி" என்றார். மூன்றரை மணி நேரம் நான் அளந்து, உட்கார்ந்து, வாதாடிய கேள்விக்கு இப்படித்தான் முடிவு வந்தது. வளைவு.

"கேபிள வேற டிவில மாத்துங்கம்மா" என்று கெஞ்சினேன்.

"இப்பப் புடுங்கினா திரும்ப சிக்னல் வர்றதுக்கு இருபது நிமிஷம் ஆவும் சார். பாப்பா வந்துட்டுப் போய்டும்."

அப்படியே உட்கார்ந்தோம். 5:06க்குக் கோலாட்டம் ஆரம்பித்தது. கேமராவை ஒரே இடத்தில் நட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள் போலிருக்கிறது, நகரவே இல்லை. பாவாடை தாவணியில் பதினொரு சிறுமிகள் ஒரே வரிசை. எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பத்து. இடது ஓரத்தில் நிற்க வேண்டிய பதினொன்றாவது சிறுமி என் கட்டைவிரலுக்குப் பின்னால் இருந்தாள். இருட்டிலிருந்து இரண்டு கோல்கள் மட்டும் அவ்வப்போது வெளியே வந்து, பக்கத்துச் சிறுமியின் கோலை அடித்துவிட்டு உள்ளே போயின.

சம்மந்தி இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார், வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார். அந்தப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு பார்க்க வழியில்லை. வசந்தா என் பக்கம் திரும்பவே இல்லை. தர்ஷினியின் கீழுதடு துடித்தது. அந்தக் கடையிலேயே எண்ணப் பிடிக்காத ஒன்று எனக்கு அதுதான்.

கல்பனா மேசை இழுப்பறையிலிருந்து பேட்டரி போடாத இரண்டு ஏசி ரிமோட்டுகளை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "உள்ள தெரியலன்னா இன்னா? வெளிய ஆடு பாப்பா."

தர்ஷினி ஒரு நொடி யோசித்தாள். பிறகு எழுந்து போய், திரைக்கு இடப்பக்கம், கரும்புள்ளியை ஒட்டித் தரையில் நின்றாள். ரிமோட்டைத் தட்டினாள். திரைக்குள் பத்து பேர், வெளியே ஒருத்தி. அடவு பிசகவில்லை, உள்ளே எப்போது திரும்பினார்களோ அப்போது இவளும் திரும்பினாள். மிக்ஸி வாங்க வந்தவர்களும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களும் கூடிவிட்டார்கள். முதலாளியையும் சேர்த்துப் பத்தொன்பது பேர். முடிந்ததும் கைதட்டினார்கள். தர்ஷினி டிவியைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். வசந்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சம்மந்தி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"ஒண்ணு ஒத்துக்கறேன் சம்மந்தி. எங்க வூட்டு டிவில பாப்பா வெளிய வரமாட்டா."

இரவு டெம்போ வேனில் டிவியோடு போய் இறங்கினால் மருமகள் வாசலில் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். "பக்கத்து வீட்டுல பாத்தேன் மாமா! முழுசா, சூப்பரா தெரிஞ்சா. அவங்க காபி கூடக் குடுத்தாங்க."

அந்த டிவி இன்றும் ஹாலில்தான் இருக்கிறது. புள்ளி வளர்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை அளக்கிறேன், வளரவில்லை. வசந்தாவின் சீரியலில் யாராவது இடது ஓரத்தில் நின்றால், "அவ மாமியா எங்க?" என்று ஒருவர் கேட்பார், "தாத்தா விரலுக்குப் பின்னால" என்று மற்றவர்கள் கோரஸாகச் சொல்வார்கள். வீட்டில் சாவி தொலைந்தாலும், சீப்பு தொலைந்தாலும் இப்போது அதே பதில்தான். தர்ஷினி வளர்ந்துவிட்டாள், என்னை விட இரண்டு அங்குலம் உயரம். என்னோடு எந்தக் கடைக்கு வந்தாலும் உள்ளே நுழைந்ததும் என் வலது கையைப் பிடித்துக்கொள்கிறாள், வெளியே வரும்வரை விடுவதில்லை. கடைக்காரர்கள் பாசம் என்று நினைக்கிறார்கள்.

டிவி 64,500. பஸ் டிக்கெட் மூன்றரைக்கு 140. அன்று கைதட்டிய பத்தொன்பது பேருக்கும் சம்மந்தி என் கணக்கில் வாங்கிக் கொடுத்த டீ 190. வேன் 850. வளைவைப் பழைய ஆணியில் மாட்ட முடியாது என்று தெரிந்த பிறகு வாங்கிய மேசை 1,400. ஒருமுறை அழுத்திப் பார்த்ததற்கு ஆன மொத்தச் செலவு 67,080 ரூபாய்.